தல்மாவ் பிரபுவின் ஏழு தாய்மார்

கத்தலான் நாட்டு மலைகளில், ரொக்காசெர்வா என்ற கோட்டையில், தல்மாவ் என்று ஒரு பிரபு இருந்தார். இருந்தார் என்று சொல்வதா, இருந்து இருந்து குறைந்துபோனார் என்று சொல்வதா என்பதில் அந்த ஊர்க்காரர்களே இன்றுவரை ஒரு முடிவுக்கு வரவில்லை. அந்தக் காலத்தில் அந்த நாட்டில் ஒரு வழக்கம். பீடத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறவன் தகப்பன் பெயரைச் சொல்லமாட்டான், தாயின் பெயரைத்தான் சொல்வான். 'நான், இன்ன பெண்ணின் மகன் இன்னான்' என்று ஆரம்பித்தால்தான் அது சத்தியம். தகப்பன் கேள்விப்பட்ட சங்கதி, தாய் கண்ணால் கண்ட சங்கதி என்பது அவர்கள் தீர்மானம். ஒருவரைப் பார்த்து 'உன் அப்பன் யார்?' என்று கேட்பது அங்கே கத்தியை உருவுவதற்குச் சமம்; கேட்டவன் கோட்டைக்கு வெளியே, நாய்களோடுதான் அன்றைக்குச் சாப்பிடவேண்டும், அவன் பிரபுவாகவே இருந்தாலும்.

தல்மாவுக்கு ஆற்றின் மேற்பக்கம் ஒரு கோமகன், கீழ்ப்பக்கம் ஒரு கோமகன், எதிர்க்கரையில் ஒரு துறவிமடம். மத்தளத்துக்காவது இரண்டு பக்கம்தான் இடி. அவருக்கு மூன்று பக்கம். ஆகவே சத்தியம் செய்வதே அவருக்குத் தொழிலாகப் போயிற்று. தாய் சிக்கார்தா காய்ச்சலில் செத்து, கோட்டைக் கோயிலின் தரைக்கடியில் அடக்கமான நாற்பதாம் நாள், மேலாற்றுக் கோமகனின் ஆட்கள் வந்து நிற்க, "நான், சிக்கார்தா என்னும் பெண்ணின் மகன் தல்மாவ், பாலத்தை மறிக்கமாட்டேன்" என்று அவர் சொல்லி முடித்தாரோ இல்லையோ, பீடத்துக்குப் பின்னாலிருந்து யாரோ இருமுகிற சத்தம் கேட்டது. சிக்கார்தா, அடக்கம் பண்ணின அதே சாம்பல்நிற அங்கியோடு, ஓரமெல்லாம் ஈரமண் ஒட்டியிருக்க, எழுந்து வந்து, கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு நேரே சமையற்கட்டுக்குப் போய், "பூண்டுக் கஞ்சி இருக்கா?" என்று கேட்டாள். இருந்தது. கொடுத்தார்கள்.

அடுத்த சத்தியத்துக்கு இன்னொரு சிக்கார்தா வந்தாள். அதற்கடுத்ததற்கு இன்னொருத்தி. இரண்டு வருஷத்தில் ஏழு பேர் ஆகிவிட்டார்கள்.

ஊர் என்றால் ஊர். எதையும் மூன்று நாள் வாய்பிளந்து பார்க்கும், நாலாம் நாள் அதற்கு ஒரு வேலை கொடுத்துவிடும். செருப்புத் தைக்கிறவன் ஒரே அளவில், இடது பெருவிரல் பக்கம் கொஞ்சம் அகட்டி, ஏழு சோடி தைத்துக் கொடுத்தான். கல்யாணம் நிச்சயமான பெண்கள் கூடையில் அத்திப்பழத்தோடு வந்து ஏழு பேரையும் வரிசையாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். இதைப் பார்த்து மயங்கிவிழாதவள் எந்த வீட்டிலும் காலம் தள்ளிவிடுவாள் என்று ஒரு நம்பிக்கை. கோயில் பாதிரியார் ஒலிபா சாமிக்குத்தான் பெரிய இக்கட்டு. எந்த ஆத்துமாவுக்காக நினைவுப்பூசை வைக்கவேண்டுமோ அந்த ஆத்துமாவே முன்வரிசையில் ஏழு பேராக உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தால் மனிதர் என்ன செய்வார்? அவர் எதையும் நேரே சொல்லத் தெரியாதவர், "வந்து... அதாவது... ஆண்டவருக்குச் சித்தமானால்..." என்று மூன்று படி ஏறித்தான் விஷயத்தின் வாசலுக்கு வருவார். மேலிடத்து ஆயருக்கு அவர் எழுதிய கடிதமும் அப்படியே நாலு தோல்சுருளுக்கு நீண்டது. ஆயரின் பதில் ஒரே வரி: "பூசை வை, மணி அடிக்காதே."

ஏழு பேரையும் அடையாளம் தெரிய ஊரே பெயர் வைத்தது. பாலத்துச் சத்தியத்துக்கு வந்தவள் பாலத்தம்மா. மடத்து ஆலைக்குப் போகும் தண்ணீரைத் தொடமாட்டேன் என்றதற்கு வந்தவள் ஆலையம்மா. உப்பு ஏற்றிவரும் கழுதைகளை மறிக்கமாட்டேன் என்றதற்கு வந்தவள் உப்பம்மா. இப்படியே காட்டம்மா, கோபுரத்தம்மா, மேய்ச்சலம்மா, சமாதானத்தம்மா. ஒவ்வொருத்திக்கும் தான் எந்தச் சத்தியத்துக்கு வந்தாளோ அது ஒன்றுதான் தெரியும். மற்றபடி அடுப்பங்கரையில் கதகதப்பான மூலையில் யார் உட்காருவது என்று சண்டை. "நான்தான்டி அவனைப் பெத்தவ, நகரு." "நீ பெத்தேன்னா நான் என்ன கடைத்தெருவுல வாங்கினேனா?"

"ஒரு மாமியாருக்கே ஒரு ஆயுசு பத்தாது" என்பாள் சமையற்காரி பெய்ரோனா, வெங்காயம் உரித்துக்கொண்டே. "எங்க சீமாட்டிக்கு ஆண்டவன் ஏழு ஆயுசு எழுதி வச்சிருக்கான்போல."

சீமாட்டி என்றால் தல்மாவின் மனைவி எலிசெந்தா. முப்பத்தொரு வயது. பதினேழு வயதில் மூன்று மலை தாண்டிக் கல்யாணமாகி வந்தவள். மாமியார் ஒருத்தியாக இருந்த காலத்திலேயே அவள் இருமினால் எலிசெந்தாவின் கையிலிருக்கும் சாவிக்கொத்து நழுவி விழும். இப்போது ஏழு இருமல். காலையில் கூடத்துக்குள் நுழைந்தால் ஏழு தலைகள் ஒரே நேரத்தில் திரும்பும், பதினாலு கண்கள் அவள் தலைத்துணியிலிருந்து பாதம்வரை இறங்கி மறுபடி ஏறும். பயம் என்பது மற்றவர்களுக்கு வந்துபோகிற விருந்தாளி. அவளுக்கு அது முழங்காலில் குடிவைத்த உறவு. ஆனாலும் அதெல்லாம் மாமியார் பயம், சோற்றோடு சேர்த்து விழுங்கிவிடுகிற பயம். உண்மையான பயம் எப்படியிருக்கும் என்பதை, தல்மாவ் பாலத்தை மறித்த அன்றைக்குத்தான் அவள் தெரிந்துகொண்டாள்.

மறித்தார் என்றால், பலகைகளைப் பிடுங்கி ஆற்றில் விட்டுவிட்டார். கீழாற்றுக் கோமகன் ஒரு வெள்ளைக் குதிரை அனுப்பியிருந்தார், அந்தச் சந்தோஷத்தில். மத்தியானம் திரும்பி வந்தபோது பாலத்தம்மா கூடத்தின் நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"வா ராசா" என்றாள், மடியைத் தட்டிக்காட்டி.

நாற்பத்தொரு வயது மனிதர், இரும்பு வளையச் சட்டையும் இடுப்பில் வாளுமாக, பூனைக்குட்டி மாதிரிப் போய் அந்தக் கிழவியின் மடியில் உட்கார்ந்தார். அவள் முக்காலி நொறுங்கவில்லை. "கொடுத்ததுல கொஞ்சம் எடுத்துக்கறேன்" என்று சொல்லி, எண்ணெய் வழிப்பதுபோல உச்சந்தலையிலிருந்து பாதம்வரை ஒரே ஒரு தரம் வழித்தாள். பிறகு எழுந்து, அங்கியைத் தட்டிவிட்டுக்கொண்டு, கோயிலுக்குப் போய்த் தரைக்குள் இறங்கிவிட்டாள். தல்மாவ் எழுந்தார். தாடியில் நரை இல்லை. விழுந்திருந்த இரண்டு பற்கள் இருந்த இடத்தில் இருந்தன. குதிரையிலிருந்து விழுந்து நொண்டிக்கொண்டிருந்த கால், சாப்பாட்டு மேசையை ஒரே தாவாகத் தாவியது. ஆறு வருஷம் போயிருந்தது. அவருக்கு முப்பத்தைந்து வயது.

கூடமே கூத்தாடியது. "பிரபு, எனக்கும் ஒரு பொய்ச்சத்தியம் சொல்லித்தாங்க, இடுப்பு வலி தாங்கல" என்றான் ஒரு கிழட்டுக் காவலாளி. "ஏழு அம்மாவும் எடுத்துட்டா பிரபுவைத் தொட்டில்லகூடத் தேட முடியாது" என்று பெய்ரோனா மட்டும் முணுமுணுத்தாள். இருபது வயதில் நிறுத்திக்கொள்வதாகத் தல்மாவ் வாக்குக் கொடுத்தார். எலிசெந்தாவும் சிரித்தாள். புருஷன் இளமையானால் எந்தப் பெண் அழுவாள்?

மறுநாள் காலை, வழக்கம்போல, கோயிலில் தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கல்லுக்குப் பூ வைக்கப் போனாள். மகள் தோல்சாவுக்குப் பிறகு ஒரு பையன் பிறந்து, கில்லெம் என்று பெயர் வைத்து, நாற்பது நாள் இருந்துவிட்டுப் போயிருந்தான். அவன்மேல் பதித்திருந்த கல் அது. ஒரு குருவி செதுக்கியிருக்கும். இப்போது அங்கே கல் இல்லை. பெயர்த்த தடமும் இல்லை. பழைய பலகைக்கற்கள், நூறு வருஷமாக யாரும் தொடாதவை, ஒன்றோடொன்று பல் கடித்தாற்போல் பொருந்தியிருந்தன.

"சாமி, என் பிள்ளையோட கல்லு எங்க?"

"வந்து... அதாவது... எந்தப் பிள்ளை, சீமாட்டி?"

பெய்ரோனாவிடம் ஓடினாள். அவளுக்கும் தெரியவில்லை. தோல்சாவைக் கேட்டாள். "தம்பியா? எனக்கா? ஐயோ, வேண்டாம்" என்றது அது. கில்லெமைச் சுமந்த வயிற்றுக்கு மட்டும்தான் அவன் ஞாபகம் மிஞ்சியிருந்தது. எலிசெந்தா தரையில் உட்கார்ந்து விரலை மடக்கினாள். கில்லெம் பிறந்தபோது அவருக்கு முப்பத்தாறு. இப்போது முப்பத்தைந்து. பெறாத பிள்ளைக்குக் கல் எதற்கு? இன்னும் மூன்று விரலை மடக்கினாள். தோல்சா பிறந்தபோது அவருக்கு முப்பத்திரண்டு. அடுத்த அம்மா இன்னொரு ஆறு வருஷம் வழித்தால் இருபத்தொன்பது.

தோல்சாவுக்கு ஒன்பது வயது. சாம்பல்நிறக் கண், கன்னத்தில் குழி, இரண்டும் அப்பாவுடையவை. வாய் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. தேன்சாடியைத் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, சாடிக்குள் தலை மாட்டிக்கொண்டு கத்தும். காட்டம்மாவின் செருப்பையும் மேய்ச்சலம்மாவின் செருப்பையும் மாற்றிவைத்துவிட்டு, ஒரே செருப்புக்காக இருவரும் அடித்துக்கொள்வதைக் கதவிடுக்கில் பார்க்கும். அந்தக் கதவிடுக்கு வெறுமையாக இருப்பதை எலிசெந்தா ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். பிறகு நினைக்காமலிருக்க முடியவில்லை.

தல்மாவிடம் போனாள். அவர் லாயத்தில் வெள்ளைக் குதிரைக்குத் தானே தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"கில்லெம் ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"எந்தக் கில்லெம்? லாடம் அடிக்கறவனா?"

"நம்ம பிள்ளை."

"கனவு கண்டியா?" என்று அவள் முகவாயைப் பிடித்துச் சிரித்தார். "நமக்கு ஒரே பொண்ணு. அந்த வாயாடி ஒருத்தி பத்தாதா?"

"அந்த வாயாடியும் இல்லாமப் போயிடுவா. அடுத்த சத்தியத்தை மீறாதீங்க, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"இருக்கற பொண்ணு எப்படிடி இல்லாமப் போவா? வயலு காஞ்சு கெடக்கு. வர்ற வெள்ளிக்கிழமை ஆலைத் தண்ணிய நம்ம பக்கம் திருப்பறேன். துறவிங்க என்ன பண்ணுவாங்க, ஜெபம் பண்ணியே கொன்னுடுவாங்களா? நெனச்சுப் பாரு, உன்னைவிட ரெண்டு வயசு சின்னப் புருஷன்!"

கெட்ட மனிதர் இல்லை அவர். மகளைத் தோளில் தூக்கிவைத்துக் கோபுரமெல்லாம் சுற்றுகிறவர். ஆனால் மறந்துபோன பிள்ளைக்காக ஒரு மனிதன் எப்படிப் பயப்படுவான்?

வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. எலிசெந்தா தன் பதினாலு வருஷத்து நடுக்கத்தையும் முழங்காலில் அடக்கிக்கொண்டு, அடுப்பங்கரையில் கம்பளி நூற்றுக்கொண்டிருந்த ஆலையம்மாவின் முன்னால் போய் நின்றாள்.

"அத்தை, அவர் மீறினாலும் நீங்க எடுக்காம விட்டுடக்கூடாதா?"

"நான் எங்கடி எடுக்கறேன்?" ஆலையம்மா தலையை நிமிர்த்தவில்லை. "அவன்தான் என் பேரைக் கொண்டுபோய் அங்க வச்சுட்டு வந்தான். வச்ச பேரு வந்து நிக்குது. நிக்கிற பேரு வெறுங்கையோட திரும்புமா?"

"உங்க பேத்தி இல்லாமப் போயிடுவா, அத்தை."

"எந்தப் பேத்தி? எனக்கு ஆலையும் தண்ணியுந்தான் தெரியும்." நூல் அறுந்தது. அவள் சலிப்போடு எச்சில் தொட்டு முடிந்தாள். "அந்தப் பீடம் இருக்கே, அது பொல்லாதது. பெத்தவ பேரைச் சொல்லி ஒருதரம் பிடிச்சுக்கிட்டா விடாது. செத்து மண்ணுக்குள்ள போன என்னையே விடல, பாத்தியா? எவ்வளவு சுகமா இருந்தேன்."

'விடாது' என்ற சொல்லை எலிசெந்தா வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு மாமியாருக்கு முன்னால் ஒருநாளும் ஓடாதவள், ஓடினாள்.

வியாழக்கிழமை காலை, தோல்சாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோயிலுக்குள் நுழைந்து, கதவைச் சாத்தி, "சாமி, இவ சத்தியம் பண்ணணும்" என்றாள்.

"வந்து... ஏழு வயசு முடிஞ்சா செல்லும்... அதாவது... யாருக்கு, எதுக்கு?"

"எனக்கு. எதுக்கோ. பெத்தவ பேரைச் சொல்லிப் பீடத்துல கைவச்சா போதும். இந்தப் பீடம் இவளைப் பிடிச்சுக்கணும். அவ அப்பாவைக் கேக்காம, என் பேரை மட்டும் கேட்டுப் பிடிச்சுக்கணும்."

ஒலிபா ஒரு தோல்சுருளை விரித்தார். இறகுப்பேனாவைச் சீவினார். "அப்படின்னா... ஆண்டவருக்குச் சித்தமானால்... இனிமே பாவமே செய்யமாட்டேன்னு சொல்லட்டும். நல்ல சத்தியம்."

"சாமி! என் பிள்ளையைக் கொல்லப் பாக்கறீங்களா?" எலிசெந்தாவுக்கு வியர்த்துவிட்டது. சத்தியத்தை மீறினால் பெற்றவள் வந்து ஆறு வருஷத்தை வழித்துக்கொள்வாள் அல்லவா? இந்தப் பீடத்தின் சட்டத்தில் அப்படி வருகிறவள் அவளேதான். "அவளால மீறவே முடியாத சத்தியமா இருக்கணும்."

"தேன்சாடியைத் தொட..."

"மத்தியானத்துக்குள்ள தொட்டுடுவா."

"நாயைச் சீண்ட..."

"இப்பவே சீண்டிட்டுத்தான் வந்திருக்கா."

மூன்று பேரும் யோசித்தார்கள். தோல்சா ஒற்றைக்காலில் நின்று யோசித்தது. "நான் கடலைக் குடிக்கமாட்டேன்" என்றது கடைசியில். கடல் அங்கிருந்து ஏழு நாள் பயணம், அது பார்த்ததில்லை. ஒலிபாவின் முகம் மலர்ந்தது. எலிசெந்தாவுக்கு அப்போதும் திருப்தியில்லை. என்றைக்காவது ஒருநாள் கடற்கரையில் நின்று ஒரு வாய் அள்ளிக் குடித்துத் தொலைத்தால்? "முழுக் கடலையும்னு எழுதுங்க சாமி. ஒரே மூச்சுலன்னும் போடுங்க."

தோல்சாவின் கை பீடத்துக்கு எட்டவில்லை. எலிசெந்தா இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். "நான், எலிசெந்தா என்னும் பெண்ணின் மகள் தோல்சா, முழுக் கடலையும் ஒரே மூச்சில் குடிக்கமாட்டேன்." யாரும் இருமவில்லை. யாரும் எழுந்து வரவில்லை. ஆனால் எலிசெந்தாவின் தொப்புளுக்குள்ளிருந்து யாரோ ஒரு கயிற்றை இழுத்து எங்கோ ஒரு கொக்கியில் மாட்டினமாதிரி இருந்தது, நன்றாக வலித்தது. மாட்டியதா, மாட்டினதாகத் தோன்றியதா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது, அது வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், தல்மாவ் முழங்கால்வரை சேறோடு வந்து, "தண்ணி வருது!" என்று கூவினார். "வா ராசா" என்றாள் ஆலையம்மா. எலிசெந்தா தூணுக்குப் பின்னால் தோல்சாவை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். கிழவியின் கை உச்சந்தலையிலிருந்து இறங்க இறங்க, மார்போடு அணைத்திருந்த பிள்ளை ஈரத்துணியைப் பிழிகிறமாதிரிச் சுருங்கியது, எலும்பு எடையிழந்தது, சாம்பல்நிறக் கண்ணிலிருந்து நிறம் வடிந்தது, கன்னத்துக்குழி தூர்ந்தது, அணைத்த கை ஒன்றையொன்று தொட்டுவிடும்போல உள்ளே போயிற்று. அப்போது எங்கோ ஆணியில் துணி மாட்டினதுபோல் ஒரு இழுப்பு. அதற்குமேல் போகவில்லை.

"அம்மா, மூச்சு முட்டுது" என்றது தோல்சா.

கண் பழுப்பாக இருந்தது. மூக்கு எலிசெந்தாவின் மூக்கு. நெற்றி எலிசெந்தாவின் நெற்றி. தான் ஒன்பது வயதில் தாய் வீட்டுத் தண்ணீர்த்தொட்டிக்குள் எட்டிப் பார்த்தபோது தெரிந்த முகம் அப்படியே அண்ணாந்து அவளைப் பார்த்தது.

பெய்ரோனா ரொட்டிக்கூடையோடு வந்து நின்றாள். "யாரு சீமாட்டி இந்தப் பிள்ளை? உங்களை உரிச்சு வச்சிருக்கு."

தோல்சாவின் தொப்புள்கொடியை அறுத்தவள் அவள். "பெய்ரோனா, நான்தான்! நேத்து என் காதைத் திருகினியே!" என்று பிள்ளை அவள் முந்தானையைப் பிடித்தது. பெய்ரோனா சிலுவை போட்டுக்கொண்டு ஒரு எட்டுப் பின்வாங்கினாள். ஒலிபா அங்கியின் மடிப்பிலிருந்து ஒரு தோல்சுருளை எடுத்து, தன் கையெழுத்தையே யாரோ எழுதினதுபோல் பார்த்து, 'முழுக் கடலையும்' என்ற இடத்துக்கு வந்ததும் இன்னொருதரம் முதலிலிருந்து படித்தார்.

தல்மாவ், இருபத்தொன்பது வயது, தாடி பாதிதான், நடந்து வந்தார். பிள்ளையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். முகம் கறுத்தது. கை இடுப்புக் கத்திக்குப் போயிற்று. "இவளுக்கு அப்பன்..." என்று ஆரம்பித்தார்.

அடுப்பங்கரையில் மிச்சமிருந்த ஐந்து தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின. ஐந்து இருமலும் நின்றன. காவலாளிகள் தரையைப் பார்த்தார்கள். அந்த நாட்டில் கேட்கக்கூடாத கேள்வி அது. தொண்டைவரை வந்ததைத் தல்மாவ் மீன்முள்ளைப்போல விழுங்கிவிட்டு, "சாப்பிட்டுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

ஊருக்கு இதுவும் மூன்று நாள்தான். நாலாம் நாள், ஊர்க் கணக்கில் பிரபுவுக்குக் கல்யாணமாகி இப்போது இரண்டே வருஷம் என்பதால், சீமாட்டி வரும்போதே எங்கோ ஒன்றை விட்டுவைத்துவிட்டு வந்தாள், இப்போது வரவழைத்துக்கொண்டாள் என்று தீர்மானமாயிற்று. துவைக்கிற கல்லில் இதைச் சொல்லிச் சொல்லித் துணி அடித்தார்கள். "நான் அப்பவே நெனச்சேன்" என்றாள் பெய்ரோனா, எதை நினைத்தாளோ. பிள்ளைக்கு மேசையின் கடைசியில், உப்புக்கிண்ணம் எட்டாத இடத்தில், ஒரு முக்காலி போட்டார்கள். எலிசெந்தா அந்த வசையைக் கம்பளிமாதிரி இழுத்துப் போர்த்திக்கொண்டாள். உயிரோடிருக்கிற பிள்ளைக்காக வாங்குகிற வசை, அதற்குள் குளிராது.

தோல்சாதான் ஒவ்வொரு நாளும் தல்மாவ் குதிரையேறும்போது லாயத்து வாசலில் போய் நிற்கும், தோளில் தூக்குவாரென்று. அவர் யாரோ வீட்டுப் பிள்ளைக்குப் புன்னகைப்பதுபோல் புன்னகைத்துவிட்டுப் போவார்.

ஒன்பதாம் நாள் காலை அவர் உப்புக்கழுதைகளை மறிக்கக் கிளம்பினார். இருபத்தொன்பது வயது ரத்தம். யார் சொல்லி நிற்கும்? தூசி அடங்குமுன் எலிசெந்தா விரலை மடக்கிவிட்டாள். இருபத்தொன்பதில் ஆறு போனால் இருபத்துமூன்று. கல்யாணமானபோது அவருக்கு இருபத்தேழு. கல்யாணமே ஆகவில்லையென்றால் அவள் இந்தக் கோட்டைக்கு வந்தேயிருக்கமாட்டாள். வராதவள் எங்கே இருப்பாள்? மூன்று மலைக்கு அப்பால், தன் தாய் வீட்டில். கண்மூடித் திறப்பதற்குள் அவளைத் தூக்கி அங்கே எறிந்துவிட்டு, பிள்ளையை இங்கே, அதன் பெயர்கூடத் தெரியாத ஆண்களுக்கு நடுவில், கடைசி முக்காலியில் விட்டுவிட்டால்? பீடம் பிள்ளையைப் பிடித்துக்கொண்டது சரி. எந்த இடத்தில் பிடித்துக்கொள்ளும் என்று யார் கேட்டார்கள்? எங்கே எறியப்படுவாளோ அந்தத் திசையில் இப்போதே நடந்துவிடவேண்டும், பிள்ளையின் கையை விடாமல். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த வழி.

ஒரு கம்பளி, ஒரு ரொட்டி, பிள்ளைக்குச் செருப்பு. வாசலில் உப்பம்மா முக்காலி போட்டு, மொச்சை உரித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"எங்க கெளம்பிட்ட, மருமகளே?"

பொய் சொல்லத்தான் நினைத்தாள். வாய் உண்மையைச் சொல்லிவிட்டது. "எங்க அம்மா வீட்டுக்கு, அத்தை."

உப்பம்மா பிள்ளையைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது உப்பும் கழுதையும்தான். அந்த முகத்தில் அவள் மகனுடையது ஒரு மயிரிழைகூட மிச்சமில்லை. இருந்தும் ஒரு மொச்சையை உரித்துப் பிள்ளையின் வாயில் போட்டாள்.

"அவன் வந்ததும் மடியில உக்கார வச்சு முதல்ல தலையில பேன் பாப்பேன்" என்றாள். "நிறைய இருக்கும். சின்ன வயசுலயும் அப்படித்தான். ஒண்ணொண்ணா எடுத்து நசுக்கிட்டுத்தான் மத்ததெல்லாம். ஏன் நிக்கிற? அதுக்குள்ள ஆத்தைத் தாண்டு."

எலிசெந்தா அவள் காலைத் தொட்டாள். பதினாலு வருஷத்தில் பயமில்லாமல் தொட்டது அது ஒருதரம்தான். அதை நினைத்துப் பார்க்கக்கூட நேரமில்லாமல் போயிற்று, மலைச்சரிவில் குளம்புச்சத்தம் கேட்டுவிட்டது.

பாலம் இல்லை, ஆழமில்லாத துறை பார்த்து இறங்கினார்கள். பனி உருகின தண்ணீர், கணுக்காலைக் கடித்தது, முழங்காலைக் கடித்தது, இடுப்பைப் பிடித்துத் தள்ளியது. பிள்ளை மார்பளவுத் தண்ணீரில் பற்கள் கிட்டிக்க வந்தது. "அம்மா, இதெல்லாம் கடலுக்குத்தான் போகுதா?" "பேசாதே, வாயை மூடு, ஒரு சொட்டும் குடிக்காதே." கோட்டையிலிருந்து ஆண்கள் சிரிக்கிற சத்தம் வந்தது. பேன் ஒன்று. பேன் இரண்டு. அவள் தன்னையறியாமல் எண்ணினாள். ஆற்றின் நடுவில், இழுப்பு அதிகமான இடத்தில், சிரிப்புச் சத்தம் சட்டென்று நின்றது.

விரலிலிருந்த மோதிரம் தண்ணீரைப்போலத் தண்ணீரில் போயிற்று. அது பதிந்திருந்த வெளுத்த வளையம் விரலிலிருந்து மறைந்தது. இடுப்புச் சாவிக்கொத்தின் கனம் போயிற்று. புருஷனின் முகத்தை நினைவில் பிடிக்கப் பார்த்தாள். மூக்கு வந்தது, மூக்கும் போயிற்று. தல்மாவ் என்று ஒரு பெயர் நாக்கில் இருந்தது, யாருடையதோ. தான் எந்தக் கோட்டையிலிருந்து வருகிறாள், எதற்காக இந்த ஆற்றில் நிற்கிறாள் என்பது தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது, வலது கைக்குள் எதையோ பிடித்திருக்கிறாள், அதை விடக்கூடாது. குளிரில் விரல்கள் மரத்துவிட்டன. உள்ளே கை இருக்கிறதா, தண்ணீர் மட்டும்தான் இருக்கிறதா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. அவள் பட்ட அத்தனை பயமும் ஒன்றுசேர்ந்தாலும் இதற்கு ஈடாகாது. பார்க்காமலே, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி, கையை இறுக்கினாள்.

"ஐயோ அம்மா, கையை ஒடிச்சுடாதே, வலிக்குது!"

எலிசெந்தா திரும்பிப் பார்த்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் நசுக்கினாள்.